இறந்து கிடக்கும் காட்டுப் பறவையும் நமது கடமையும்

பறவைகள் இறந்து கிடப்பது நமது நாட்டில் அன்றாடம் காணும் காட்சியே. சாலையோரத்தில் ஒரு காகம், ஏரிக்கரையில் ஒரு வாத்து, மின்கம்பத்தின் அடியில் ஒரு பருந்து எனக் கண்ணில் படுவனவற்றைப் பெரும்பாலோர் ஒரு கணம் நோக்கிவிட்டு அப்பால் சென்றுவிடுகின்றனர். முதுமையாலும் பசியாலும் பகை விலங்குகளாலும் பறவைகள் மடிவது இயற்கை நியதி. ஆதலால் இதில் கவலை கொள்வதற்கு ஒன்றுமில்லை என்பது பொதுவான எண்ணம். பல சமயங்களில் இவ்வெண்ணம் சரியானதே. எனினும், சில சமயங்களில் அவ்வாறு இறந்து கிடக்கும் பறவை ஒரு கொள்ளை நோயின் முதல் அறிகுறியாகவோ, நீரிலும் தானியத்திலும் கலந்த நஞ்சின் முதற் சான்றாகவோ, ஓர் இனமே அழிந்து வருவதைத் தெரிவிக்கும் முதற் செய்தியாகவோ அமைந்துவிடுகிறது. இவற்றுள் எது உண்மை என்பதைப் பார்த்த மாத்திரத்தில் எவராலும் கூற இயலாது. தேர்ந்த கால்நடை மருத்துவரும் ஆராய்ச்சிக்கூடத்தின் முடிவு வரும் வரையில் ஐயத்தோடுதான் பேசுவார். அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கோ, யாரேனும் ஒருவர் தகவல் தந்தாலன்றிப் பறவை போய்ச் சேருவதில்லை.

இக்கட்டுரையில் காட்டுப் பறவை என்று கூறுவது அடர்ந்த வனத்தில் வாழும் பறவைகளை மட்டும் குறிப்பதன்று. மனிதரால் வளர்க்கப்படாமல் தாமாகவே இரை தேடித் திரியும் காகம், மைனா, கொக்கு, மயில், பருந்து, ஆந்தை முதலியனவும், குளிர்காலத்தில் வட நாடுகளிலிருந்து வலசை வரும் வாத்து, உள்ளான், நாரை இனங்களும் இதில் அடங்கும். இவற்றுள் ஒன்றோ பலவோ இறந்து கிடப்பதைக் கண்டால் யாரிடம் கூறுவது, எவற்றைக் கூறுவது, எவற்றைச் செய்யாதிருப்பது என்பனவற்றைக் காரணங்களோடு விளக்குவதே இதன் நோக்கம்.

ஒரே காட்சி, வெவ்வேறு காரணம்

நம் நாட்டில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டு நோக்கினால் இதன் அவசியம் விளங்கும்.

இராஜஸ்தானத்தில் ஜெய்ப்பூருக்குத் தென்மேற்கே உள்ள சாம்பர் ஏரி, நாட்டின் உள்நாட்டு உப்பு ஏரிகளுள் மிகப் பெரியது. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் 1990-ஆம் ஆண்டு இது சேர்க்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டு மழை நன்கு பெய்து ஏரி நிரம்பியிருந்தது. வலசைப் பறவைகளும் ஏராளமாக வந்திறங்கின. அவ்வாண்டு நவம்பர் மாதம் இரண்டாவது வாரத்தில், கரையோரச் சேற்றில் ஆயிரக்கணக்கான பறவைகள் இறந்து கிடப்பது வெளியுலகுக்குத் தெரியவந்தது. தட்டைவாயன் வாத்து, பவளக்கால் உள்ளான், நாமக்கோழி எனப் பல இனங்கள் மடிந்தன. அந்நிகழ்ச்சியில் இறந்தவற்றின் தொகை 18,000-க்கும் மேற்பட்டது.

பறவைக் காய்ச்சலாக இருக்கலாம் என்பதே முதலில் எழுந்த ஐயம். போபால் நகரிலுள்ள ஆராய்ச்சிக்கூடம் மாதிரிகளைப் பரிசோதித்து, அந்நோய் இல்லை என்று அறிவித்தது. பின்னர் உத்தரப் பிரதேசத்தில் பரேலியை அடுத்த இஸ்ஸத்நகரில் அமைந்துள்ள இந்தியக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், இறப்புக்குக் காரணம் பொட்டுலிசம் என்னும் நச்சுநோய் எனக் கண்டறிந்தது.

இந்நோயின் போக்கு அறிந்துகொள்ளத் தக்கது. கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியத்தின் வித்துகள் ஏரிச் சேற்றில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்க வல்லவை. வெப்பமும் அழுகும் பொருள்களும் மிகுந்து, பிராணவாயு குன்றிய சூழ்நிலை ஏற்படும்போது அவை முளைத்துப் பெருகிக் கொடிய நஞ்சினைச் சுரக்கின்றன. அந்நஞ்சு நரம்புக்கும் தசைக்கும் உள்ள தொடர்பைத் தடுத்துவிடுவதால், பறவையின் காலும் இறகும் செயலிழக்கின்றன; கழுத்து துவண்டுவிடுகிறது. தலையைத் தூக்க இயலாமல் நீரில் மூழ்கியே பல பறவைகள் உயிர் துறக்கின்றன. இறந்த உடலில் ஈக்கள் முட்டையிட, அதில் தோன்றும் புழுக்கள் நஞ்சினைத் தம்முள் சேர்த்துக்கொள்கின்றன. அப்புழுக்களை அந்நஞ்சு வாட்டுவதில்லை; ஆயின் அவற்றைக் கொத்தித் தின்னும் மற்றொரு பறவை மடிகிறது. அதன் உடலில் மீண்டும் புழுக்கள் உண்டாகின்றன. இவ்வாறு ஓர் உடல் பல உடல்களாகப் பெருகும் இச்சங்கிலியை அறுப்பதற்கு முதன்மையான வழி, இறந்த உடல்களை விரைவில் அகற்றுவதே ஆகும். ஒவ்வொரு நாள் தாமதமும் மேலும் பல பறவைகளின் இறப்பாக முடியக்கூடும். சாம்பரில் உடல்கள் சேகரித்துப் புதைக்கப்பட்டதோடு, உயிரோடு மீட்கப்பட்ட பறவைகளுக்கு அருகிலுள்ள காச்ரோதாவில் சிகிச்சையும் அளிக்கப்பட்டது.

ஓராண்டு கழித்து, 2020-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில், இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்திலுள்ள போங் அணை நீர்த்தேக்கத்தில் இதே போன்ற காட்சி தென்பட்டது. இமயத்தைக் கடந்து வந்த வரித்தலை வாத்துகள் கரையோரத்தில் இறந்து கிடந்தன. வனவிலங்குத் துறையின் பணியாளர்கள் அதனைக் கண்டு தகவல் தந்தனர்; மாதிரிகள் ஆராய்ச்சிக்கூடங்களுக்கு அனுப்பப்பட்டன. 2021 ஜனவரி முதல் வாரத்திலேயே விடை கிடைத்தது. இங்கே காரணம் பொட்டுலிசமன்று. எச்5என்1 என்னும் வகையைச் சேர்ந்த பறவைக் காய்ச்சல் வைரஸ். நீர்த்தேக்கத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் வரை மக்களும் கால்நடைகளும் நடமாடுவது தடுக்கப்பட்டது. அதற்கு அப்பால் 9 கிலோமீட்டர் வரையிலான பகுதி கண்காணிப்பில் வைக்கப்பட்டது. நோய் அடங்குமுன் ஏறத்தாழ 5,000 பறவைகள் மடிந்தன.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றிய காட்சி ஒன்றே: நீர்நிலை, குளிர்காலம், கரையில் இறந்த பறவைகள். ஆயின் காரணங்கள் வேறு. மேற்கொள்ள வேண்டிய நடவடிக்கைகளும் வேறு. சாம்பரின் நிலையைப் பறவைக் காய்ச்சலென்றே முடிவு செய்திருந்தால், சுற்றுவட்டாரக் கோழி வளர்ப்போர் வீண் அச்சத்துக்கு உள்ளாகியிருப்பர். போங்கின் நிலையை வெறும் நஞ்சு என்று எண்ணியிருந்தால், உடல்களைத் தக்க காப்பின்றிக் கையாண்டு மனிதரே ஆபத்துக்கு உள்ளாகியிருக்கக்கூடும். ஆகவே, காரணத்தை ஊகிப்பது காண்பவரின் வேலையன்று. கண்டதை உரியவரிடம் சேர்ப்பதே அவர் வேலை.

தாமதத்தால் விளையும் நட்டம்

தகவல் தாமதமாவதால் நேரும் இழப்புக்குப் பாறுகளின் வரலாறு சிறந்த எடுத்துக்காட்டு. பிணந்தின்னிக் கழுகுகள் என வழங்கும் இப்பறவைகள் 1980-களில் நம் நாட்டில் இலட்சக்கணக்கில் இருந்தன. 1990-களில் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் வெண்முதுகுப் பாறுகள் கிளைகளிலேயே சோர்ந்து தலை தொங்கி விழுந்து இறப்பதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் கவனித்தனர். காரணத்தை அறிய அழுகாத புதிய உடல்கள் தேவைப்பட்டன. வெப்பம் மிகுந்த நம் நாட்டில் உடல் விரைவில் கெட்டுவிடுவதால் அத்தகைய உடல்கள் கிடைப்பது அரிதாயிற்று. பாகிஸ்தானில் மேற்கொள்ளப்பட்ட ஆராய்ச்சியொன்றின் பயனாக 2004-ஆம் ஆண்டில்தான் உண்மை வெளிப்பட்டது. கால்நடைகளுக்கு வலி நீக்கத் தரப்படும் டைக்ளோபினாக் என்னும் மருந்து, அவை இறந்தபின் உடலில் எஞ்சி நின்று, அவ்விறைச்சியைத் தின்ற பாறுகளின் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்தது. அதன் விளைவாக யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல் உள்ளுறுப்புகளின் மேல் படிந்தது.

2006-ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கான டைக்ளோபினாக் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. அதற்குள் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றே எஞ்சும் அளவுக்கு இனம் குன்றிவிட்டது. இன்று தென்னாட்டில் நீலகிரியை அடுத்த மோயாறு பள்ளத்தாக்கு போன்ற சில இடங்களிலேயே அவை கூடுகட்டி வாழக் காண்கிறோம். ஆங்காங்கே விழுந்த பறவைகளின் புதிய உடல்கள் முன்கூட்டியே ஆராய்ச்சிக்குக் கிடைத்திருப்பின், காரணத்தைத் தேடும் காலம் குறைந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

பூச்சிகொல்லி மருந்துகளைப் பொறுத்தும் இது பொருந்தும். அதே பரத்பூரில் 1980-களின் இறுதியில் சாரசக் கொக்குகள் இறந்தபோது, உடல்களை ஆராய்ந்ததில் ஆல்டிரின் என்னும் பூச்சிகொல்லியே அவற்றைக் கொன்றது எனத் தெரியவந்தது. நஞ்சு எது என்பது உறுதியானாலன்றி, அதனைத் தடுக்கும் வழியும் தோன்றாது.

மனிதருக்கு முன்னறிவிப்பு

பறவைகளின் இறப்பு மனிதரின் உடல்நலத்துக்கும் முன்னறிவிப்பாக அமைவதுண்டு. 1999-ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் காகங்கள் இறந்து விழுந்தன. ஆகஸ்டு மாதத்தில் அந்நகர மக்களுள் சிலருக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்பது உடனே புலப்படவில்லை. மனிதருக்கு வந்த நோய் செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்றே முதலில் முடிவு செய்யப்பட்டது. விலங்குக் காட்சிசாலையின் பறவைகளும் இறக்கத் தொடங்கியபோது, அங்கே பணிபுரிந்த நோயியல் நிபுணர் டிரேசி மக்னமாரா, அந்நோய் பறவைகளை இவ்வாறு கொல்வதில்லையே என்று ஐயுற்று வற்புறுத்தினார். மேலும் ஆராய்ந்ததில், அதுவரை அக்கண்டத்தில் காணப்படாத மேற்கு நைல் வைரஸ் என்பது செப்டம்பர் இறுதியில் தெளிவாயிற்று. அவ்வாண்டில் அப்பகுதியில் 62 பேர் கடும் நோய்க்கு உள்ளாயினர்; 7 பேர் இறந்தனர். அதன்பின், இறந்த காகங்களைப் பற்றிப் பொதுமக்கள் தரும் தகவல்களைக் கொண்டே வைரஸ் பரவும் திசையை அறியும் முறை அந்நாட்டில் கையாளப்பட்டது.

நம் நாட்டிலும் இவ்வுண்மை புதிதன்று. 1957-ஆம் ஆண்டு மைசூர் இராஜ்யத்தின் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டு நோய் வெளிப்பட்டபோது, காட்டில் குரங்குகள் இறந்து விழுந்ததே அதன் அறிகுறியாயிற்று. இன்றளவும் குரங்கின் இறப்பு அப்பகுதியில் எச்சரிக்கையாகக் கொள்ளப்படுகிறது.

பறவைக் காய்ச்சலைப் பொறுத்தவரை, 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் கோழிப் பண்ணைகளில் அது முதன்முதலாக நம் நாட்டில் கண்டறியப்பட்டது. மனிதருக்கு இந்நோய் எளிதில் தொற்றுவதில்லை, தொற்றினால் கடுமையாகிவிடுகிறது. 2021 ஜூலையில் ஹரியானாவைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன் ஒருவன் எச்5என்1 தொற்றினால் தில்லியில் உயிரிழந்தான். நாட்டில் உறுதி செய்யப்பட்ட முதல் மனித இறப்பு அதுவே.

சட்டம் கூறுவது

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் கண்ட பறவைகள் உயிரோடிருக்கும்போது மட்டுமன்றி, இறந்து கிடக்கும்போதும் பாதுகாப்புக்கு உரியவை. அவ்வாறு இறந்து கிடக்கும் உடல் அரசின் உடைமையாகும் என்று அச்சட்டத்தின் 39-ஆவது பிரிவு கூறுகிறது. எவ்வகையிலேனும் அது ஒருவர் கைக்கு வந்தால், 48 மணி நேரத்துக்குள் அண்மையிலுள்ள காவல் நிலையத்துக்கோ அதிகாரம் பெற்ற அலுவலருக்கோ அவர் தகவல் தரவேண்டும். கேட்கப்பட்டால் ஒப்படைக்கவும் வேண்டும். இறந்த மயிலின் தோகையைப் பறித்து வைத்துக்கொள்வதோ, ஆந்தையின் உடலைப் பாடம் செய்து அலங்காரமாக வைப்பதோ குற்றத்துக்கு இடமளிக்கும் என்பதை நினைவில் கொள்ளல் வேண்டும்.

வளர்ப்புப் பறவைகளைப் பற்றி, 2009-ஆம் ஆண்டின் விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் தனியே விதிக்கிறது. அட்டவணையில் கண்ட நோய் உள்ளதென ஐயம் தோன்றினால், அவற்றைத் தம் பொறுப்பில் வைத்திருப்போர் கிராம அலுவலருக்கோ பஞ்சாயத்துக்கோ அறிவிப்பது கடமை. பறவைக் காய்ச்சல் அவ்வட்டவணையில் உள்ளது.

யாரிடம் அறிவிப்பது?

சரணாலயம், காடு, ஏரி, வயல் ஆகிய இடங்களில் காட்டுப் பறவை இறந்து கிடந்தால் வனத்துறையின் வனச்சரக அலுவலகத்துக்கு அறிவித்தல் முறை. பல பறவைகள் ஒருங்கே இறந்திருந்தாலோ, அருகில் கோழியும் வாத்தும் வளர்க்கப்பட்டாலோ, அரசு கால்நடை மருந்தகத்துக்கும் உடன் தெரிவிக்க வேண்டும். கால்நடை மருத்துவ ஊர்திகளுக்கான 1962 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் பல மாநிலங்களில் செயற்படுகிறது. நஞ்சு கலந்த தானியம், கண்ணி, துப்பாக்கிக் குண்டு முதலிய குற்றத்தின் தடயங்கள் தென்பட்டால் காவல் நிலையத்துக்கும் தகவல் போதல் நன்று. இவ்வலுவலகங்கள் எவை என்று அறியாதவர் கிராம நிர்வாக அலுவலரிடமோ பஞ்சாயத்துத் தலைவரிடமோ நகராட்சியின் சுகாதார அலுவலரிடமோ கூறினாலும் போதும். செய்தியை உரிய இடத்தில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு.

ஒவ்வொரு பறவைக்கும் இவ்வளவு பரபரப்பு வேண்டுமா என்ற வினா எழலாம். கண்ணாடிச் சாளரத்தில் மோதி விழுந்த ஒரு சிட்டுக்குருவியும், பூனை கவ்விப் போட்ட ஒரு புறாவும் கொள்ளை நோயைக் குறிப்பனவல்ல. ஆனால் பின்வரும் நிலைகளில் சிறிதும் தாமதியாமல் அறிவித்தல் வேண்டும்:

1. ஓரிடத்திலோ, சில நாட்களுக்குள்ளோ பல பறவைகள் இறத்தல்.
2. காகங்கள் காரணமின்றி மரத்திலிருந்து விழுந்து இறத்தல்.
3. வாத்து, நாரை, கொக்கு, உள்ளான் முதலிய நீர்ப்பறவைகள் இறந்து கிடத்தல்.
4. பாறு, பருந்து, ஆந்தை, மயில், சாரசம், கானமயில் போன்ற பாதுகாக்கப்பட்ட இனங்களுள் ஒன்றேயாயினும் இறந்து கிடத்தல்.
5. உயிருள்ள பறவைகள் கழுத்து துவண்டோ, நடுங்கியோ, வட்டமிட்டுச் சுழன்றோ, பறக்க இயலாமலோ காணப்படுதல்.
6. காட்டுப் பறவைகளின் இறப்பை ஒட்டி, வீட்டுக் கோழிகளும் திடீரென மடிதல்.

அறிவிப்பில் இடம்பெற வேண்டியவை

நல்ல அறிவிப்பு சுருக்கமானது. ஆயின் இடம், காலம், எண்ணிக்கை மூன்றும் அதில் தவறாமல் இருக்கும். இடத்தைப் பிறர் தேடாமல் வந்து சேரும்படி குறிக்க வேண்டும். எண்ணிக்கையை மிகைப்படுத்தாமல், எண்ணியதா மதிப்பிட்டதா என்பதையும் கூற வேண்டும். பறவையின் பெயர் தெரியாவிடில் பருமன், நிறம், அலகு, கால் ஆகியவற்றின் தோற்றத்தைச் சொன்னால் போதும். தெரியாத பெயரை ஊகித்துக் கூறுதல் தீது. உடல் புதியதா, அழுகியதா, காயம் உண்டா, அருகில் மின்கம்பி, பண்ணை, மருந்து தெளித்த வயல், ஆலைக் கழிவுநீர் உண்டா என்பனவும் பயன்படும். கானமயிலின் அழிவுக்கு மின்கம்பிகளில் மோதுதல் ஒரு முக்கிய காரணம் என்பது, கம்பிகளின் அடியில் கிடந்த உடல்களைப் பதிவு செய்ததாலேயே தெளிவாயிற்று. கைப்பேசியால் சற்றுத் தொலைவிலிருந்து எடுத்த படங்கள் பெயரைக் கண்டறிய மிகவும் உதவும்.

மாதிரிக்காக ஓர் அறிவிப்பை இங்கே தருகிறோம்:

“இன்று காலை 7 மணிக்கு எங்கள் ஊர்ப் பெரிய ஏரியின் வடகரையில், மதகுக்கு மேற்கே சுமார் 200 அடி தொலைவில், 9 நீர்ப்பறவைகள் இறந்து கிடக்கக் கண்டேன். எண்ணிப் பார்த்த தொகை இது. வாத்து போன்ற உருவம். உடல் பழுப்பு, அலகு தட்டை. உடல்கள் அழுகவில்லை, காயம் தெரியவில்லை. மேலும் இரண்டு பறவைகள் எழ இயலாமல் கழுத்து தொங்கியபடி உள்ளன. நேற்று மாலை இவை இங்கு இல்லை. கரைக்கு அருகே மூன்று வீடுகளில் கோழி வளர்க்கின்றனர். நான் எதையும் தொடவில்லை. படங்கள் உள்ளன. என் பெயரும் தொலைபேசி எண்ணும் இவை.”

இதைப் படிக்கும் அலுவலர் எங்கே செல்வது, எத்தனை பேரை அழைப்பது, எவ்வளவு விரைவாகச் செல்வது என்பனவற்றை உடனே முடிவு செய்ய இயலும். தகவல் கொடுத்த நாள், நேரம், பெற்றுக்கொண்டவரின் பதவி ஆகியவற்றைத் தாமும் குறித்துக்கொள்வது நலம்.

செய்யத் தகாதவை

அலுவலர் வரும் வரையில் உடலைத் தொடலாகாது. சிறுவர்களையும் நாய் பூனைகளையும் அருகே விடலாகாது. நோயுற்று உயிரோடிருக்கும் பறவைக்கு நீர் புகட்டவோ, அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லவோ முயலலாகாது. ஆறு, கிணறு, வாய்க்கால் ஆகியவற்றில் உடலை எறிவதும், குப்பையோடு சேர்ப்பதும் நோயைப் பரப்பும் செயல்கள். இறந்த காகத்தை வயலில் கட்டித் தொங்கவிட்டு மற்றக் காகங்களை விரட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு; எதனால் இறந்தது என்று தெரியாத உடலை அவ்வாறு கையாளுதல் ஆபத்தானது.

இறந்த வாத்தையோ கொக்கையோ சமைத்து உண்பது எக்காரணத்தாலும் கூடாது. நன்கு வேகவைத்தால் பறவைக் காய்ச்சல் வைரஸ் அழிந்துவிடும் என்பது மெய்யே. ஆனால் ஆபத்து அடுப்பில் ஏற்றிய பின்னர் நேர்வதன்று. இறகைப் பிடுங்கி, உடலை அறுத்து, குடலை நீக்கும் வேளையிலேயே தொற்று நிகழ்கிறது. மேலும், பறவை பூச்சிகொல்லியால் இறந்திருப்பின், கொதிக்கவைப்பதால் அந்நஞ்சு நீங்கிவிடும் என்று நம்புவதற்கில்லை.

அறியாமல் தொட்டுவிட்டவர் கைகளைச் சோப்பினால் நன்கு கழுவ வேண்டும். இவ்வைரஸின் மேலுறை கொழுப்பினால் ஆனதாதலால் சோப்பு அதனைச் சிதைத்துவிடுகிறது. அடுத்த 10 நாட்களுக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல், கண் சிவத்தல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் மருத்துவரிடம் சென்று, பறவையைத் தொட்ட செய்தியை மறவாமல் கூற வேண்டும். உடலைப் புதைக்குமாறு அலுவலரே பணித்தால், கையுறையும் முகமூடியும் அணிந்து, நாய்கள் தோண்ட இயலாத ஆழத்தில், நீர்நிலைக்குத் தொலைவாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவி மூடுதல் வேண்டும்.

காலில் வளையம் உளதா?

சில பறவைகளின் காலில் சிறு உலோக வளையம் காணப்படும். 1883-இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரை முதலிய இடங்களில் பறவைகளைப் பிடித்து இத்தகைய வளையமிட்டு விடுவிக்கிறது. கழகத்துக்குத் தெரிவிக்குமாறு வேண்டும் ஆங்கிலச் சொற்களும் ஓர் எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். ரஷ்யா முதலிய பிற நாடுகளில் இடப்பட்ட வளையங்களும் உண்டு. வளையத்தைக் கழற்ற முயலாமல், எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து, எண்ணை அறிவிப்பில் சேர்த்தல் வேண்டும். அப்பறவை எங்கிருந்து புறப்பட்டு எவ்வழியே வந்தது என்பதை அந்த ஓர் எண் கூறிவிடும். நோய் எங்கிருந்து வந்திருக்கக்கூடும் என்று ஆராய்வோருக்கும் அது பெருந்துணை.

அறிவிப்புக்குப் பின் நிகழ்வது

தகவல் கிடைத்ததும் வனத்துறையினரும் கால்நடை மருத்துவரும் காப்புடை அணிந்து வந்து இடத்தைப் பார்வையிடுகின்றனர். இறந்த பறவைகளின் மூச்சுக்குழலிலிருந்தும் எச்சத்துளையிலிருந்தும் பஞ்சு முனைகளால் மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. சில சமயம் முழு உடலே அனுப்பப்படுவதும் உண்டு. இவை கசியாத பல உறைகளில் இடப்பட்டுப் பனிக்கட்டிப் பொதிகளுடன் ஆராய்ச்சிக்கூடத்துக்குச் செல்கின்றன. ஜலந்தர், கொல்கத்தா, புனே, பெங்களூரு, குவாஹாத்தி ஆகிய நகரங்களில் வட்டார நோய்க்கண்டறி ஆராய்ச்சிக்கூடங்கள் உள்ளன. பறவைக் காய்ச்சலை உறுதி செய்யும் பொறுப்பு போபாலிலுள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்தைச் சார்ந்தது. உள்ளிருக்கும் காற்று வடிகட்டப்படாமல் வெளியேறாதவாறு அமைக்கப்பட்ட அறைகளில் அங்கே சோதனைகள் நடைபெறுகின்றன. பூச்சிகொல்லி எச்சங்களை ஆராயும் வசதி, கோவையை அடுத்த ஆனைகட்டியிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தில் உண்டு.

இவ்வளவு ஏற்பாடுகளும் முதல் தகவலை எதிர்நோக்கியே காத்திருக்கின்றன. உடல் அழுகிவிட்டால் அல்லது நாய் இழுத்துச் சென்றுவிட்டால், சிறந்த கருவிகளும் பயனற்றுப் போகின்றன.

அச்சம் வேண்டுவதில்லை

அறிவிக்கத் தயங்குவோர் பெரும்பாலும் மூன்று காரணங்களைக் கூறுவர். முதலாவது, தம் மீதே வழக்கு வருமோ என்னும் அச்சம். கண்டதைக் கண்டவாறு சொல்வது குற்றமாகாது. உடலை எடுத்து மறைத்து வைப்பதே குற்றத்துக்கு இடமளிக்கும்.

இரண்டாவது, ஊரிலுள்ள கோழிகளை எல்லாம் அழித்துவிடுவார்களோ என்னும் அச்சம். காட்டுப் பறவையில் மட்டும் வைரஸ் கண்டால், வழக்கமான நடவடிக்கை கண்காணிப்பும் தூய்மைக் காப்புமே ஆகும். காட்டுப் பறவையில் நோய் கண்டதைக் கொண்டு ஒரு நாட்டின் கோழிப் பண்ணைகள் நோயுற்றவை எனப் பன்னாட்டு விதிகளும் கருதுவதில்லை. வளர்ப்புப் பறவைகளுக்கே நோய் பரவி, அவற்றை அழிக்க ஆணை பிறந்தால், அழிக்கப்படும் பறவைகளுக்கும் முட்டைக்கும் தீவனத்துக்கும் இழப்பீடு உண்டு. அச்செலவை மத்திய மாநில அரசுகள் சரிபாதியாக ஏற்கின்றன. செய்தியை மறைத்து நோய் பண்ணைகளுக்குள் புகும் வரை காத்திருப்பதே நாமக்கல் போன்ற வட்டாரங்களில் இத்தொழிலை நம்பி வாழ்வோருக்குப் பெருங்கேடு விளைவிக்கும்.

மூன்றாவது, வேறு யாரேனும் சொல்லியிருப்பார்கள் என்னும் எண்ணம். மூன்றனுள் இதுவே மிகுந்த தீங்கு பயப்பது. ஒரே செய்தியைப் பத்துப் பேர் சொல்வதால் அலுவலருக்குச் சிறிது சிரமம் நேரலாம். பத்துப் பேரும் சொல்லாதிருப்பின் ஏரிக்கரையிலுள்ள உடல் அங்கேயே கிடக்கும். அதில் புழுக்கள் தோன்றும். அடுத்த பறவை வந்து இறங்கும்.

ஆசிரியர்கள் இச்செய்தியை மாணவர்களுக்குக் கூறி, தம் ஊருக்கு உரிய வனச்சரக அலுவலகம், கால்நடை மருந்தகம் ஆகியவற்றின் தொலைபேசி எண்களைப் பள்ளியிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் எழுதி வைக்கச் செய்வது பயனுள்ள பணியாகும். வலசைப் பறவைகள் வந்து சேரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கு முன்னரே இதனைச் செய்து முடித்தல் சாலச் சிறந்தது.